இன்சூரன்ஸ் நிறுவனத்தில் வளர்ச்சிப் பிரிவுக்குத் தலைமை ஏற்கப் போகிறேன். ஒரு பெண் அதிகாரியாக எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பத்து வருடம் விற்பனை, மார்க்கெட்டிங் என்று இருந்துவிட்டு இப்போது பொதுக் காப்பீட்டுக்கு வருகிறீர்கள். பிரீமியத்தை இரண்டு வருடத்தில் இரட்டிப்பாக்கிக் காட்டினால் அடுத்தது தலைமைச் செயல் அதிகாரி பதவிதானே என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரட்டிப்பாக்குவது இந்தத் தொழிலிலேயே சுலபமான வேலை. போட்டியாளரைவிடப் பத்து சதவீதம் விலையைக் குறைத்தால் போதும், ஆறே மாதத்தில் ஆகிவிடும். அதற்கான பில் பிறகு வரும்.

சோப்பு விற்பவருக்கு அடக்க விலை தெரிந்த பிறகுதான் விற்பனை. இங்கே முதலில் விற்க வேண்டும். அடக்க விலை ஒரு வருடம் கழித்துத் தெரியும். பொறுப்புக் காப்பீடு (நம்மால் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுகட்டுவது) மாதிரி வகைகளில் பத்து வருடம்கூட ஆகும்.

ஒரு கணக்கு. வருடம் முழுக்கச் சீராக ஒரு வருட பாலிசிகளை விற்று 100 பிரீமியம் வாங்கியிருக்கிறீர்கள். இதுவரை கொடுத்த க்ளெய்ம் 20. பிரீமியத்தில் எவ்வளவு க்ளெய்முக்குப் போகிறது என்பதுதான் நஷ்ட விகிதம். விற்பனைக் கூட்டத்தில் "நஷ்ட விகிதம் வெறும் 20 சதவீதம்" என்று ஸ்லைடு ஓடும், கைதட்டலும் விழும். ஆனால் ஜனவரியில் விற்ற பாலிசி மட்டும்தான் முழுசாக ஓடி முடிந்திருக்கிறது. டிசம்பரில் விற்றது இப்போதுதான் தொடங்குகிறது. சராசரியாகப் பாதிக்காலம்தான் ஓடியிருப்பதால் சம்பாதித்த பிரீமியம் 50 மட்டுமே. க்ளெய்ம் பக்கம், பதிவாகி இன்னும் பணம் கொடுக்காதவை 10. நடந்துவிட்டது, ஆனால் இன்னும் யாரும் வந்து சொல்லவில்லை என்ற வகைக்கு (ஐபிஎன்ஆர்) ஆக்சுவரி, அதாவது இழப்பைக் கணித்துச் சொல்லும் நிபுணர், வைக்கும் ஒதுக்கீடு 8. ஆக 50க்கு 38, அதாவது 76 சதவீதம். இதோடு கமிஷன், நிர்வாகச் செலவு 30 சதவீதம் சேர்ந்தால் மொத்த விகிதம், அதாவது கம்பைன்டு ரேஷியோ, 106. அந்த 20 சதவீத ஸ்லைடுக்குள் ஒளிந்திருந்தது, 100 ரூபாய் சம்பாதித்தால் 106 ரூபாய் போகிற வியாபாரம்.

வேகமாக வளரும்போது இந்தத் தவறு இன்னும் மறைந்துபோகும். விகிதத்தில் கீழே, வகுக்கும் எண்ணாக இருக்கும் பிரீமியத் தொகை மாதாமாதம் ஊதிக்கொண்டே போவதால் விகிதம் நன்றாகவே தெரியும். விற்பனை நின்ற வருடம்தான் வெளுக்கும். நஷ்ட விகிதத்தைப் பாலிசி தொடங்கிய வருடவாரியாகப் பிரித்து, 12ஆம் மாதம், 24ஆம் மாதம் என்று ஒரே வயதில் ஒப்பிடும் அட்டவணையை மாதாமாதம் கேட்டு வாங்குங்கள். புதிய பாலிசிகளையும் புதுப்பித்தவற்றையும் ஒரே அட்டவணையில் கலக்க விடாதீர்கள். வாகனக் காப்பீட்டில் புதிதாக வருபவர்களின் நஷ்ட விகிதம் பழைய வாடிக்கையாளர்களைவிடப் பொதுவாகவே அதிகம்.

ஏஜென்ட், புரோக்கர் வாரியாகவும் இதே அட்டவணை வேண்டும். திடீரென்று ஒருவர் மூன்று மடங்கு வியாபாரம் கொண்டுவந்தால் சந்தோஷப்படும் முன் ஒன்றைப் பாருங்கள்: வேறு நிறுவனங்கள் விலை ஏற்றிய அதே வகை ஆட்களா? பத்துப் பேர் விலை சொல்லி உங்கள் விலை மட்டும் குறைவாக இருந்தால், மற்ற ஒன்பது பேருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரியவில்லை என்று அர்த்தமாகவும் இருக்கலாம்.

புதுப்பித்தலை யாரும் வளர்ச்சி என்று கொண்டாடுவதில்லை, கணக்கில்தான் அது தெரியும். வருடத்துக்கு 100இல் 80 பேர் புதுப்பித்தால் ஒரு வாடிக்கையாளர் சராசரியாக 5 வருடம் இருப்பார். 90 பேர் என்றால் 10 வருடம். பிடித்துவந்த செலவு ஒன்றேதான்.

மூலதனமும் கரையும். கமிஷன் கையோடு போய்விடும், பிரீமியம் மெல்ல மெல்லத்தான் வருமானமாகும், அதனால் வளரும் நிறுவனத்தின் சால்வென்சி, அதாவது க்ளெய்ம்களைத் தாங்கும் மூலதன பலம், இறங்கும். இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் ரீஇன்சூரன்ஸ் நிறுவனங்களிடம் பிரீமியத்திலும் க்ளெய்மிலும் 40 சதவீதத்தைப் பங்கு வைத்துத் தள்ளிவிடுவது வழக்கமான வழி. ஆனால் அவர்கள் தரும் கமிஷன் நஷ்ட விகிதம் ஏறினால் இறங்குவதாக ஒப்பந்தத்தில் இருந்தால், க்ளெய்ம் கூடும் வருடத்தில் அதுவும் குறையும். அந்தப் பத்தியை நீங்களே படியுங்கள், சட்டப் பிரிவை நம்பி விடாதீர்கள்.

"பெண்களுக்கு மட்டும் தனிக் கணக்கா?" என்று கமென்டில் வருவார்கள். கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான், உட்கார வைக்கும் இடம்தான் வேறு. பெண் அதிகாரி என்றால் மனிதவளம், வாடிக்கையாளர் சேவை, "பிராண்டு" என்று தள்ளுவது இந்தத் தொழிலின் பழைய பழக்கம். மனிதவளத்துக்குப் போனாலே முடிந்தது என்று சொல்லவில்லை. அமெரிக்காவின் புரோகிரெசிவ் இன்சூரன்ஸ் நிறுவனத்தில் 1988இல் க்ளெய்ம் பிரதிநிதியாகச் சேர்ந்த டிரிஷா கிரிஃபித் நடுவில் மனிதவளத் தலைவராக இருந்தவர்தான். ஆனால் அங்கிருந்து க்ளெய்ம் பிரிவின் தலைமைக்குத் திரும்பி, 2016இல் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். அந்த வருடம் சுமார் 2,300 கோடி டாலராக இருந்த பிரீமியம் 2024இல் 7,400 கோடியைத் தாண்டியது. அந்த நிறுவனத்தின் விதி: கம்பைன்டு ரேஷியோ 96ஐத் தாண்டாமல் எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வளரு. 2023இல் க்ளெய்ம் செலவு எகிறியபோது விலையை ஏற்றி, விளம்பரத்தைக் குறைத்தார்கள். லண்டனின் காப்பீட்டுச் சந்தையான லாயிட்ஸின் முதல் பெண் தலைமைச் செயல் அதிகாரியாக 2014இல் பதவியேற்ற இங்கா பீலும் அண்டர்ரைட்டராக (எந்த ரிஸ்க்கை என்ன விலைக்கு ஏற்பது என்று முடிவெடுப்பவராக) தொடங்கியவர்தான்.

கேட்காத ஒன்று, இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். "இந்த ஆண்டின் வளர்ச்சித் தலைவர்" என்று விருது கொடுக்கிறார்களே, அதை எந்த வருடத்துப் பிரீமியத்துக்குக் கொடுக்கிறார்களோ அந்த வருடத்து க்ளெய்ம் எல்லாம் முடிந்த பிறகு கொடுக்கட்டும். மேடை பாதி காலியாகிவிடும். விருது வாங்கியவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுகிறார், விலையேற்றக் கடிதம் அனுப்பி வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குவது அடுத்து வருபவர். அந்த அடுத்தவர் நாற்காலியில் பெண்ணை உட்கார வைப்பதும் நடக்கிறது. உங்களுக்கு முன் அதில் இருந்தவர் ஏன் போனார் என்று கேளுங்கள்.

நியமனக் கடிதத்தில் இரண்டு விஷயம் எழுத்தில் இருக்கட்டும்: எந்த வகைப் பாலிசியையும் விற்பதை நிறுத்தும் அதிகாரம் உங்களுக்கு உண்டு, போனஸில் ஒரு பகுதி மூன்று வருடம் கழித்து, அதே பாலிசிகளின் நஷ்ட விகிதத்தைப் பார்த்துத்தான் தரப்படும். இரண்டாவதை நீங்களாகவே கேட்டால் ஆக்சுவரி நிமிர்ந்து உட்காருவார். முதலாவதை மறுத்தால், உங்களுக்குத் தருவது விற்பனை மேலாளர் வேலைதான், பெயர்ப்பலகை மட்டும் பெரிசு.