மே மாதத்தில் டர்பன்

கேள்வி: மே மாத விடுமுறையில் பள்ளி செல்லும் இரு பிள்ளைகளுடனும் வயதான மாமியாருடனும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குச் செல்ல எண்ணியுள்ளோம். கடலில் குளிப்பதற்கு அது ஏற்ற பருவமா? கடற்கரையைத் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது?
– வாசகி ஒருவர்

பதில்: தாராளமாகக் குளிக்கலாம். தெற்கே மே மாதம் இலையுதிர் காலம் என்றாலும், வெப்பமண்டலத்திலிருந்து வரும் அகுல்யாஸ் நீரோட்டம் அந்தக் கரையையொட்டிப் பாய்வதால், கடல்நீர் அப்போதும் வெதுவெதுப்பாகவே இருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வாட்டும் புழுக்கமும் மழையும் அதற்குள் ஓய்ந்திருக்கும். சுறாக்களைத் தடுக்க 1952 முதல் அங்கே கடலில் வலை கட்டியிருக்கிறார்கள். ஆயினும் உயிர்காப்பாளர்கள் நட்ட கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதியில் மட்டுமே பிள்ளைகளை இறங்க விடுங்கள். மாலை ஐந்தேகால் மணியளவிலேயே இருட்டத் தொடங்கிவிடும் என்பதால், கடற்கரைக்குக் காலைப் பொழுதை ஒதுக்குவதே நல்லது. கரையோர நடைபாதை நீளமாகவும் சமதளமாகவும் இருப்பதால் உங்கள் மாமியாருக்கும் சிரமம் இராது.

ஆனால், கடலை மட்டும் பார்த்துத் திரும்பினால் டர்பனைப் பார்த்ததாகாது என்பேன். விக்டோரியா தெருச் சந்தைக்கு ஒரு முற்பகல் செல்லுங்கள். கூம்பு கூம்பாகக் குவித்த மசாலாப் பொடிகளில், காரம் மிகுந்த ஒன்றின் மேல் ‘மாமியாரை ஒழிப்பது’ என்று ஆங்கிலத்தில் எழுதிய அட்டை செருகியிருக்கும். யாருடன் போகிறீர்கள் என்பதை நினைவில் வைத்து, அதைப் படித்துக் காட்டுவதா என்று நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள்! அங்கிருந்து நடந்துபோகும் தொலைவிலேயே ஜும்மா மசூதியும் இம்மானுவேல் பேராலயமும் ஜூலு மக்கள் வேரும் பட்டையும் விற்கும் மூலிகைச் சந்தையும் இருக்கின்றன. இத்தனை சமூகங்கள் இவ்வளவு நெருக்கமாகப் புழங்குவதை வேறெங்கும் எளிதில் காண இயலாது. சந்தை கலைந்த பிறகு அப்பகுதியில் நடமாடாமல், வாடகைக் காரில் விடுதிக்குத் திரும்பிவிடுங்கள். கைபேசியையும் நகையையும் வெளியில் தெரியும்படி வைத்திருக்க வேண்டாம்.

கரும்புத் தோட்ட வேலைக்கென ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற நம்மவர்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல், 1860 நவம்பர் 16 அன்று இத்துறைமுகத்தை அடைந்தது. அவர்களின் வழிவந்தோர் பெரும்பாலும் ஆங்கிலமே பேசுகிறார்கள் என்றாலும் காவடியையும் தீமிதியையும் விடவில்லை. உம்கேனி சாலைக் கோயிலுக்கு மாமியாரை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். நேரமிருந்தால், காந்தியடிகள் 1904-இல் நிறுவிய ஃபீனிக்ஸ் குடியிருப்பையும் பார்க்கலாம்.

ரொட்டியின் நடுவைக் குடைந்து குழம்பை நிரப்பித் தரும் ‘பன்னி சௌ’ அந்நகரத்தின் அடையாள உணவு. சைவர்களுக்கு பீன்ஸ் நிரப்பியது கிடைக்கும். கால் ரொட்டியே ஒருவருக்குப் போதும்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டியே விசா பெற வேண்டும். ஆப்பிரிக்காவின் மஞ்சள் காய்ச்சல் பகுதி ஒன்றில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் விமானம் மாறக் காத்திருக்க நேர்ந்தால் தடுப்பூசிச் சான்றிதழும் கேட்பார்கள். பயணச்சீட்டு எடுக்கும்போதே இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.