‘கொலு வை, தாம்பூலம் மட்டும் நீ கொடுக்காதே’

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

எனக்கு 56 வயது. கும்பகோணத்தில் வங்கி ஊழியர். என் கணவர் மாரடைப்பில் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகப்போகின்றன. மகன், மருமகளோடு இருக்கிறேன். அவர்களால் எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டு நவராத்திரிக் கொலு தெருவில் பெயர் வாங்கியது. பொம்மைகளில் பாதி என் அம்மா சீராகக் கொடுத்தவை. காகிதக்கூழில் செய்த தசாவதாரம், பண்ருட்டி மண் பொம்மைகள், கல்யாணத்துக்கு வந்த மரப்பாச்சி ஜோடி என்று ஏழு படி நிறைந்துவிடும். மகாளய அமாவாசைக்கு முன்பே என் கணவர் பரணிலிருந்து பலகைகளை இறக்கி, சுண்ணாம்பில் எண் எழுதி வைத்த வரிசைப்படி அடுக்குவார். நாலாவது பலகை லேசாக ஆடும். அதன் அடியில் வைக்க மடித்த அட்டை ஒன்றைத் தன் மேசையிலேயே பத்திரமாக வைத்திருப்பார். வேட்டியை விரித்து அவர் இழுத்துப் பிடிக்க, நான் ஊசி குத்துவேன். விரலில் குத்திவிட்டேன் என்று ஆண்டுதோறும் பொய்யாக ஒரு கத்தல் போடுவார்.

அவர் இறந்த ஆண்டு பண்டிகை எதுவும் கிடையாது. போன வருடம் கொலு வைக்கலாம் என்று பெட்டியைத் திறந்தபோது என் மூத்த ஓரகத்தி வந்தார். “வைத்த வீட்டில் நிறுத்தக் கூடாது, வை. ஆனால் தாம்பூலத்தை மட்டும் மருமகள் கையால் கொடுக்கட்டும். வருகிறவர்கள் மனம் சங்கடப்படக் கூடாது, பார்” என்றார். அவர் கெட்டவர் இல்லை. என் கணவர் இறந்த அன்று என்னைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர்தான். நான் மறுபேச்சுப் பேசவில்லை. ஒன்பது நாளும் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் பாட்டும் சிரிப்பும் கேட்டன.

என்னோடு வெள்ளிக்கிழமைதோறும் லலிதா சகஸ்ரநாமம் சொன்ன தோழி, மகன் பள்ளியில் சேர்ந்த காலத்திலிருந்து பழக்கம். அவள் தன் வீட்டுக் கொலுவுக்கு என் மருமகளைத்தான் குங்குமம் கொடுத்து அழைத்தாள். எனக்கு ஒரு டப்பாவில் சுண்டல் வந்தது.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறு. ஒரு நாள் மருமகள் கடைக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டில் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் கொலு பார்க்க வந்தாள். குங்குமச் சிமிழ் என் பக்கத்தில்தான் இருந்தது. என் கை போகவில்லை. “நீயே எடுத்துக்கொள் அம்மா” என்று தட்டைக் காட்டினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. இந்த ஆண்டும் ஆவணி பிறந்ததிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

“விட்டுவிடலாம் அம்மா, உங்களுக்குத்தான் வேதனை” என்கிறான் மகன். கொலுவை வைப்பதா, விடுவதா? அந்தத் தோழியோடு எப்படி நடந்துகொள்வது? இந்த வயதில் எனக்கு இப்படி ஓர் ஆசை இருப்பது தவறா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள சகோதரி,

தவறில்லை. கடைசிக் கேள்விக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை.

உங்கள் கடிதத்தில் ஓரகத்திக்கும் தோழிக்கும் கிடைத்த இடத்தைவிட ஒரு பலகைக்கும் மடித்த அட்டைக்கும் அதிக இடம் கிடைத்திருக்கிறது. கவனித்தீர்களா? இரண்டு வலிகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஒன்று, அவர் இல்லை என்பது. மற்றொன்று, அவர் இல்லாததால் உங்களைக் கூடத்திலிருந்து அடுப்படிக்கு அனுப்பிவிட்டார்கள் என்பது. முதல் துக்கத்துக்கு ஊரே வந்து உட்கார்ந்தது. இரண்டாவதுக்கு யாரும் வரவில்லை, அதை ஒரு துக்கமாகவே யாரும் எண்ணவில்லை. இப்படிச் சுற்றியிருப்பவர்கள் ஏற்றுக்கொள்ளாத துக்கத்தைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1980களின் இறுதியில் விரிவாக எழுதினார். அழுவதற்கு இடமில்லாத துக்கம் ஆறுவதற்கு நாளாகும் என்பதை என் அறைக்கு வரும் பெண்களிடம் நானும் பார்க்கிறேன்.

உங்கள் மகன் சொல்வது பாசத்தில் வந்த யோசனைதான். ஆனாலும் அதை நான் ஏற்கவில்லை. கொலுவை நிறுத்தினால் வலி தரும் ஒன்பது நாள் மட்டும் போகாது, கணவரோடு நீங்கள் சேர்ந்து செய்த வேலையும் சேர்ந்தே போய்விடும். பஞ்சாங்கத்தையே பாருங்களேன். இறந்தவர்களுக்கான மகாளய பட்சம் அமாவாசையோடு முடிகிறது, மறுநாள் நவராத்திரி தொடங்குகிறது. போனவர்களை நினைப்பதற்கும் பொம்மை அடுக்குவதற்கும் நடுவில் நம் முன்னோர் ஒரு நாள்கூட இடைவெளி விடவில்லை. எனவே வையுங்கள். ஏழு படி மலைப்பாக இருந்தால் மூன்று போதும். பலகை இறக்கும் வேலையை மகனிடம் கொடுங்கள், வேட்டி இழுத்துப் பிடிக்கவும் அவரையே கூப்பிடுங்கள். அப்போது அழுகை வந்தால் வரட்டும். அவருக்கும் அப்பா போன துக்கம் இருக்கிறது. ‘உங்களுக்குத்தான் வேதனை’ என்ற அவர் பேச்சில் அதுவும் கொஞ்சம் ஒளிந்திருக்கலாம்.

அடுத்தது அந்தக் கை. இதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். பக்கத்து வீட்டுப் பெண் தயங்கவில்லை, அவள் வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை, ஓரகத்தியும் அங்கே இல்லை. தடுத்தது நீங்கள் மட்டுமே. சிறு வயதிலிருந்து கண்ணால் கண்டு பழகியது அது. எந்தக் கல்யாண வீட்டில் யார் முன்வரிசைக்கு வரவில்லை, ஆரத்தித் தட்டு யார் கைக்குப் போகவில்லை என்பதை நமக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. பார்த்தே படித்துவிடுகிறோம். அறிவு அதை ஒப்புக்கொள்ளாவிட்டாலும் கை ஒப்புக்கொள்கிறது. இதை யோசித்து யோசித்துப் போக்க முடியாது. கொடுத்துக் கொடுத்துத்தான் போக்க முடியும். நீச்சலைப் போல, தண்ணீரில் இறங்காமல் பயம் தெளியாது.

ஆனால் எடுத்த எடுப்பில் ஆழத்தில் இறங்க வேண்டியதில்லை. மனம் சுளிக்காமல் வாங்கக்கூடியவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். வங்கியில் உடன் வேலை செய்பவர்கள், அவர்களில் வேறு மதத்தவர் இருந்தால் அவர்களும், தெருக் குழந்தைகள், உங்களைப் போலவே கணவரை இழந்த பெண்கள். முதல் இரண்டு மாலை அவர்களை மட்டும் அழையுங்கள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பழம் எல்லாவற்றையும் உங்கள் கையாலேயே எடுத்துக் கொடுங்கள். கணவரை இழந்த பெண்களுக்கும் அதே தட்டு, அதே தாம்பூலம். அவர்களுக்கு மட்டும் குங்குமம் இல்லாமல் பூவும் பழமும் என்று பிரித்துவிடாதீர்கள். வேண்டாம் என்பவர் தாமே சொல்லட்டும். கை கொஞ்சம் நடுங்கும். மூன்றாவது, நாலாவது தட்டில் அது குறைவதை நீங்களே பார்ப்பீர்கள். பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடலாம்.

இதற்கு முன்னால் மருமகளிடம் பேசிவிடுங்கள். போன ஆண்டு அவர் உங்கள் இடத்தில் நிறுத்தப்பட்டார், அவரை யாரும் கேட்கவில்லை. மாமியார் அடுப்படியில் இருக்க, தான் கூடத்தில் நின்று கொடுப்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும்? ‘இந்த முறை நாம் இருவரும் சேர்ந்தே கொடுப்போம்’ என்று சொல்லிப் பாருங்கள். பல வீடுகளில் இளையவர்கள் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

ஊரும் மாறாமல் இல்லை. மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்து ஹெர்வாட் கிராம ஊராட்சி, கணவரை இழந்த பெண்ணின் வளையலை உடைப்பது, பொட்டை அழிப்பது போன்ற சடங்குகளை நிறுத்த 2022 மே மாதம் தீர்மானம் போட்டது. மற்ற ஊராட்சிகளும் அதைப் பின்பற்ற வேண்டும் என்று அந்த மாநில அரசே கேட்டுக்கொண்டது. ஈரோடு மாவட்டத்தில் ஒரு பெண்ணைக் கணவர் இல்லாதவர் என்ற காரணத்தால் கோயில் திருவிழாவுக்கு வரவிடாமல் தடுத்த வழக்கில், அவரைத் தடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் கடுமையாகவே சொன்னது. கோயில் வாசலுக்கு நீதிமன்றம் வரலாம். உங்கள் தோழியின் கூடத்துக்கு அது வராது. அங்கே நீங்கள்தான் பேச வேண்டும்.

தோழி வீட்டுக்கு அழைக்காமல் போகாதீர்கள். அது உங்களை இன்னும் சிறுமையாக உணரச் செய்யும். நவராத்திரிக்கு முன்பே, ஒரு சாதாரண நாளில், அவரிடம் நேராகச் சொல்லுங்கள்: “போன வருடம் சுண்டல் வந்தது, அழைப்பு வரவில்லை. எனக்கு அது வலித்தது. என் வீட்டுக்கு நான் உன்னை அழைக்கிறேன், என் கையால் தாம்பூலம் வாங்கிக்கொள்வாயா?” விளக்கம் எதுவும் சேர்க்காதீர்கள். அவரும் வீட்டுப் பெரியவர்களுக்குப் பயந்திருக்கலாம், இத்தனை நாளும் அதைச் சொல்ல வழியில்லாமல் இருந்திருக்கலாம். முடியாது என்றால் அது அவருடைய பதில். வெள்ளிக்கிழமைப் பாராயணத்தை உங்கள் வீட்டிலேயே தொடங்கிவிடுங்கள்.

விடியற்காலை விழிப்பைப் பற்றி. பண்டிகை நெருங்கும்போது துக்கம் மறுபடி கிளம்புவது இயல்பு. விஜயதசமிக்குப் பிறகும் தூக்கம் திரும்பாவிட்டால், பசி குறைந்தால், எதிலும் மனம் ஒட்டாமல் போனால், அருகிலுள்ள மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் அதுவரை காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கிடைக்கும், தமிழில் பேசலாம்.

ஓரகத்தி வருவார், அவரை அழைக்காமல் விடாதீர்கள். துக்க நாளில் உங்களைத் தாங்கியவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் அனுமதி கேட்காதீர்கள், விவாதமும் வேண்டாம். ‘அக்கா, இந்த வருடம் நானே கொடுக்கப்போகிறேன்’ என்று முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டால், யோசிக்க அவருக்கும் அவகாசம் கிடைக்கும். வந்த இடத்தில் அவர் உங்கள் கையால் வாங்கத் தயங்கினால், தட்டை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்து வந்தவரைக் கவனியுங்கள்.