தேதி தீர்ந்தது, எண் தீரவில்லை

கேள்வி: எங்கள் ஆண்ட்ராய்டு செயலிக்குக் கடைசி அப்டேட் 2020 டிசம்பரில் போட்டோம். இப்போது புது அப்டேட் கேட்டால், 'வெர்ஷன் எண் தீர்ந்துவிட்டது, புதுச் செயலியாகத்தான் ஏற்ற வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம்' என்கிறார் செய்துகொடுத்தவர். எங்களுடையது வெர்ஷன் 1.4 தானே? அதற்குள் எப்படித் தீரும்?

பதில்: பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். 1.4 என்பது பயனர் கண்ணுக்காக எழுதி வைத்தது. கூகுள் பிளேவும் போனும் ஒப்பிடுவது உள்ளே இருக்கும் வெர்ஷன் கோட் என்ற முழு எண்ணை. புதியது பழையதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். பிளே ஏற்கும் உச்சம் 2100000000.

நீங்கள் அனுப்பிய கடைசி எண் 2012181530. பிரித்துப் படியுங்கள்: 20-ஆம் ஆண்டு, 12-ஆம் மாதம், 18-ஆம் தேதி, 15 மணி 30 நிமிடம். 2021 பிறந்ததுமே இந்தக் கணக்கு 2101 என்று தொடங்கி உச்சத்தைத் தாண்டிவிடும். ஆனால் உங்கள் செயலி நிற்பது பழைய எண்ணில்தானே? அங்கிருந்து உச்சத்துக்கு எட்டே முக்கால் கோடி எண்கள் சும்மா கிடக்கின்றன. தேதியை விட்டுவிட்டு 2012181531 என்று கையால் போடச் சொல்லுங்கள். அடுத்த முறை 2012181532. ஐந்து நிமிட வேலை.

பெரிய இடங்களிலும் இதே கூத்துதான். நிறுவனங்களின் மின்னஞ்சலைக் கையாளும் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளில் வைரஸ் தடுப்புக் கோப்பின் எண் 2022 ஜனவரி 1 அன்று 2201010001 ஆனது. அந்த எண்ணுக்கு ஒதுக்கியிருந்த 32 பிட் (குறியுடைய முழு எண்) இடத்தில் கொள்வது 2147483647 வரைதான். அஞ்சல்கள் வரிசையில் தேங்கின. வந்த தீர்வு 2112330001, அதாவது டிசம்பர் 33! தேதியை எண்ணாக்காதே என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை.

புதுச் செயலி என்றால் பெயருக்குப் பின்னால் இருக்கும் அடையாளமே வேறு. பழைய பயனர்களுக்கு அப்டேட் போகாது. மதிப்பீடுகள், விமர்சனங்கள் எல்லாம் போச்சு. இதை மறைத்துக் கட்டணம் கேட்பவரிடம் இன்னொன்றையும் பாருங்கள்: பிளே கணக்கு யார் பெயரில் இருக்கிறது? கையொப்பச் சாவிக் கோப்பும் (அப்டேட் உங்களுடையதுதான் என்று நிரூபிப்பது) அதன் கடவுச்சொல்லும் யாரிடம்? அவரிடம் என்றால் எண்ணைவிட அதுதான் உங்களுக்கு ஆபத்து. இன்றே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

யாராவது 2100000000 என்றே போட்டு வெளியிட்டிருந்தால் மட்டும் அவர் சொல்வது சரி. அப்போதும் அது எங்கே வெளியானது என்று பாருங்கள். சோதனைத் தடத்தில் (சோதிப்பவர்களுக்கு மட்டும் போகும் வெளியீடு) மட்டும் என்றால், பொது வெளியீட்டில் இருக்கும் எண்ணுக்கு அடுத்ததைப் போட்டுத் தொடரலாம். சோதித்தவர்கள் மட்டும் சோதனையிலிருந்து விலகி, செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவ வேண்டும், அவர்கள் போனில் பெரிய எண் உட்கார்ந்திருப்பதால். பொதுவில் வந்துவிட்டதா? அப்போதுதான் புதுச் செயலி. இந்த வேறுபாட்டை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.