சிறு கட்டட ஒப்பந்ததாரருக்கு வேலைவாரிக் கணக்கு எதற்கு?

ஒரே சமயத்தில் பல கட்டடங்களை எடுத்துச் செய்பவர், ஒவ்வொன்றின் வரவு செலவையும் தனித்தனியே எழுதுவதுதான் வேலைவாரிக் கணக்கு. சிமெண்டோ கம்பியோ கூலியோ, எந்தக் கட்டடத்துக்கு, எந்த வேலைக்கு என்று அன்றன்றே குறித்துவிட வேண்டும்.

எல்லாப் பணமும் ஒன்றாகப் புழங்கினால், புதிய வேலையின் முன்பணம் பழைய வேலையின் நஷ்டத்தை மூடி மறைத்துவிடும். பல பிள்ளைகள் ஒரே உண்டியலில் காசு போட்டு எடுப்பது போலத்தான். யார் அதிகம் எடுத்தார் என்ற கேள்வி உண்டியல் காலியான பிறகே எழும்.

பூச்சு வேலைக்கு 40 ஆள் கூலி என்று மதிப்பிட்டிருக்கிறீர்கள். பாதிச் சுவர் முடியும்போதே 30 ஆள் கூலி போயிருந்தால், அதே போக்கில் மொத்தம் 60 ஆகும். செங்கல் கட்டு மட்டம் தப்பியிருக்கலாம். அதைச் சரிக்கட்டப் பூச்சின் கனம் கூடி, கலவையும் நேரமும் சேர்ந்தே விரயமாகும். அந்த வாரமே தெரிந்தால் மீதிச் சுவரையாவது காப்பாற்றலாம்.

இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் வேண்டியதில்லை; ஒழுங்காக எழுதும் நோட்டுப் புத்தகமே போதும்.

வங்கியில் பணம் இருப்பதையே லாபம் என்று பலர் எண்ணுகிறார்கள். அதில் பெரும்பகுதி, இன்னும் செய்யாத வேலைக்கு வாங்கிய முன்பணமாக இருக்கக்கூடும்.