கணினியும் சமூகமும்: முதலாண்டு மாணவர் கேள்வி-பதில்

டேட்டா, இன்ஃபர்மேஷன் வேறுபாடு? இரண்டு மார்க்குக்கு. (காட்பாடி)

632007 என்பது டேட்டா. 'இந்த மாதப் புகார்களில் பாதி 632007 என்ற பின்கோடிலிருந்து வந்தவை' என்பது இன்ஃபர்மேஷன். பாடநூலின் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது, புரட்டிப் பாருங்கள்.

வாடிக்கையாளர் டேபிளில் ஆற்காடு ஊருக்கு வட ஆற்காடு, வேலூர், ராணிப்பேட்டை என்று மூன்று மாவட்டங்கள் வருகின்றன. எது சரி? (ஆற்காடு)

மூன்றுமே அந்தந்தக் காலத்தில் சரி. 1989-இல் வட ஆற்காடு பிரிந்தது. 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று வேலூர் மூன்றானது. மாவட்டத்தைத் தனி டேபிளில் வையுங்கள். ஊரையும் மாவட்டத்தையும் இணைக்கும் டேபிளில் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டும் வேண்டும். 'வேலூர்' என்று இருப்பதையெல்லாம் ஒரே அப்டேட்டில் 'ராணிப்பேட்டை' ஆக்கிவிடாதீர்கள். குடியாத்தம் வேலூரிலேயே இருக்கிறது, ஆம்பூர் திருப்பத்தூருக்குப் போய்விட்டது. பின்கோடும் கைகொடுக்காது: 632-இல் தொடங்கும் எண் ஆரணிக்கும் உண்டு, ஆரணியோ திருவண்ணாமலை மாவட்டம். எதைத் தொடுவதானாலும் முதலில் பேக்கப்.

டி.எஃப்.டி.க்கு (டேட்டா ஃப்ளோ டயகிராம், அதாவது டேட்டா ஓடும் வழியைக் காட்டும் படம்) பாதி மார்க்தான் போட்டார்கள். ஏன்? (குடியாத்தம்)

படத்தை அனுப்பாமல் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல வேண்டும். வழக்கமான தவறுகள்: இரண்டு டேட்டா ஸ்டோர்களை நேரடியாக அம்பால் இணைப்பது, உள்ளே வந்தது வெளியே போகாத புராசஸ், கான்டெக்ஸ்ட் படத்தில் (முழு அமைப்பையும் ஒரே புராசஸாகக் காட்டும் முதல் படம்) இல்லாத வெளி அம்பு அடுத்த நிலையில் திடீரென முளைப்பது. முடிவெடுக்கும் டைமண்ட் போட்டிருந்தால் அது ஃப்ளோசார்ட்.

தோல் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் போன் பயன்பாடு பற்றி கூகுள் ஃபார்ம் தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பப் போகிறோம். பெயர், பிறந்த தேதி, பின்கோடு, ஆதார் எண், பிறகு பத்துக் கேள்விகள். சரியா? (ஆம்பூர்)

சரியில்லை. ஆதார் எதற்கு? ஒருவரே இரண்டு முறை நிரப்பாமல் இருக்க என்பீர்கள். வரிசை எண் போட்ட துண்டுச் சீட்டு போதும். ஒவ்வொரு பருவமும் இதையே எழுதுகிறேன்: எதற்கு என்று ஒரே வரியில் சொல்ல முடியாத ஃபீல்டு வேண்டாம்.

பெயரை மட்டும் நீக்கிவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்பதும் தவறு. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் சேர்த்தாலே அமெரிக்கர்களில் ஏறக்குறைய 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று கணினி அறிவியலாளர் லதான்யா ஸ்வீனி 2000-இலேயே கணக்கிட்டுக் காட்டினார். நீங்களோ மூன்றில் இரண்டைக் கேட்கிறீர்கள். வயதை 18-25, 26-35 என்று வரம்பாகக் கேளுங்கள்; ஊர் போதும், தெரு வேண்டாம். எதற்காகக் கேட்கிறோம், எப்போது அழிப்போம் என்பதைத் தமிழில் மேலேயே எழுதுங்கள். மின்னஞ்சல் சேகரிப்பையும், பதில்களின் தொகுப்பைப் பிறர் பார்க்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். பதில்கள் சேரும் ஷீட்டின் லிங்க்கை வகுப்பு குரூப்பில் போடாதீர்கள். அறிக்கையில் ஐந்து பேருக்கும் குறைவான பிரிவை அடுத்த பிரிவோடு சேர்த்துவிடுங்கள். மதிப்பெண் வந்ததும் அழியுங்கள்.

இன்னொரு கோளாறு இதைவிடப் பெரிது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வாட்ஸ்அப் இருப்பவர்தானே பதில் சொல்வார்? பிறகு 'எல்லோரிடமும் ஸ்மார்ட்போன் இருக்கிறது' என்று முடிவுரை எழுதுவீர்கள். ஷிப்ட் விடும் நேரத்தில் தொழிற்சாலை வாசலில் காகிதத்தோடு நில்லுங்கள். 'போன் இருக்கிறதா' என்று கேட்காதீர்கள்; 'யாருடைய போன், நாளில் எவ்வளவு நேரம் உங்கள் கையில் இருக்கும்' என்று கேளுங்கள். வீட்டுக்கே ஒரு போன் என்றால், பெண்களின் பதிலில்தான் அது தெரியவரும்.

'கம்ப்யூட்டர் கணக்கு தவறாது' என்று கட்டுரையில் எழுதலாமா? (வாலாஜா)

கூடாது. பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் தவறாகக் காட்டிய பணப் பற்றாக்குறையை நம்பி, 1999 முதல் 900-க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலகக்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 2024-இல் தனிச் சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. மென்பொருள் பிழை பாதிதான். அதைச் சந்தேகிக்க மறுத்த நிர்வாகமும் நீதிமன்றமும் மீதிப் பாதி. இரண்டையும் எழுதினால்தான் முழு மார்க்.

புராஜெக்ட் கோடு முழுவதையும் அனுப்ப முடியுமா? (வாணியம்பாடி)

முடியாது.

மினி புராஜெக்ட்தானே, பாஸ்வேர்டை டேபிளில் அப்படியே வைக்கலாமா? (வேலூர்)

வேண்டாம். உங்கள் நண்பர் தன் ஜிமெயில் பாஸ்வேர்டையே அதில் அடிப்பார். பிகிரிப்ட் (bcrypt) ஹாஷ் வையுங்கள்; அதாவது, பாஸ்வேர்டைத் திரும்ப எடுக்க முடியாதபடி மாற்றிய எழுத்துவரிசை. அது 60 எழுத்து. ஃபீல்டின் நீளம் 20 என்று விட்டிருந்தால் வால் வெட்டுப்பட்டு, சரியான பாஸ்வேர்டுக்கும் லாகின் ஆகாது. 255 என்று வைத்துவிடுங்கள்.