298 நாள் இருப்பும் ஜூலை வரவும்

வணக்கம் ஐயா. ஜூன் 30 அன்று 298 நாள் ஈட்டிய விடுப்பு (பணிபுரிவதால் கணக்கில் சேரும், சம்பளத்துடன் கூடிய விடுப்பு) இருந்தும், டில்லி மாநகராட்சியில் உங்கள் ஜூலை வரவான 15 நாள் கணக்கில் ஏறவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எழுத்தர் மீது தவறில்லை. நீங்கள் பின்பற்றும் 1972ஆம் ஆண்டு மத்திய விடுப்பு விதிகளின்படி, இருப்பு 285ஐத் தாண்டி 300க்குள் இருந்தால், அந்த 15 நாளைத் தனியே வைத்து, அந்த அரையாண்டில் எடுக்கும் விடுப்பை முதலில் அதிலிருந்தே கழிப்பார்கள்; மீதியை டிசம்பர் முடிவில் சேர்க்கும்போது மொத்தம் 300ஐத் தாண்டக் கூடாது. உங்கள் 298உடன் 15 சேர்ந்தால் 313; ஆகவே இந்த அரையாண்டில் 13 நாளாவது எடுத்தால்தான் வீணாகாது. தீபாவளிக்கு ஊருக்குப் போவதானால் திங்களன்று தொடங்குங்கள். முன்னால் வரும் ஞாயிறு கழிபடாது, நடுவில் வருவது கழிபடும். தற்செயல் விடுப்பை இதனோடு ஒட்ட முடியாது (பலர் சறுக்குவது இங்கேதான்). விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்பதால், விண்ணப்பத்தை இப்போதே கொடுத்துவிடுங்கள்.