மலைமேல் இருப்பவர்களுக்கு என்ன பயிற்சி?

அன்புள்ள சார்,

ஊட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பதவி உயர்வுக்கு ஓரியண்டேஷன், ரிஃப்ரெஷர், எஃப்.டி.பி. என்று ஆசிரியர் பயிற்சிகள் எல்லாம் கேட்கிறார்கள். நல்ல பயிற்சிகள் கோவையிலும் சென்னையிலும்தான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் இறங்கிப்போக முடியாது. ஆன்லைன் சான்றிதழ்கள் ஒரு ஃபைல் நிறைய இருக்கின்றன. அவற்றால் என் வகுப்பு மாறியதாகத் தெரியவில்லை. என்ன செய்யலாம்?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆன்லைன் எஃப்.டி.பி. நடக்கும் லட்சணம் தெரிந்ததுதானே. எல்லார் கேமராவும் அணைந்திருக்கும். பேசுகிறவர் ஸ்லைடை வாசித்துக்கொண்டிருப்பார். மாலையில் சாட்டில் ஃபீட்பேக் லிங்க் விழுந்ததும் கூட்டம் மொத்தமும் விழித்துக்கொள்ளும். "மேடம், லிங்க் ஓப்பன் ஆகலை" என்பதுதான் அன்று எழும் ஒரே சந்தேகம்.

இந்தப் பயிற்சிகளை நடத்த அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ் என்று எண்பதுகளில் தொடங்கியது, மனிதவள மேம்பாட்டு மையமாகி, 2023 முதல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையமாக இருக்கிறது. போர்டு மாறிய வேகத்தில் உள்ளே மாறவில்லை என்பது என் எண்ணம். ஆனாலும் 2018 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகள்படி முதல் உயர்வுக்கு 21 நாள் ஓரியண்டேஷன் வேண்டும். அதை ஆன்லைனிலேயே முடித்துவிடுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். அதே விதிகள் மூக் என்கிற திறந்த இணையவழிப் படிப்பையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அதனால் எஃப்.டி.பி.க்களைக் குறைத்துக்கொண்டு, எம்.எஸ்சி.யில் நீங்கள் படிக்காத ஒரு பாடத்தை மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் எடுங்கள். வாராவாரம் அசைன்மென்ட், கடைசியில் நேரில் போய் எழுதும் பரீட்சை. மறுபடி மாணவியாகி மார்க்குக்குப் பயப்படுவது வாத்தியார்களுக்கு நல்லது.

நல்ல பயிற்சி கீழேதான் இருக்கிறது என்கிறீர்களே, அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஊட்டிக்குப் பக்கத்திலேயே முத்தோரையில், விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970லிருந்து இயங்குகிறது. சுமார் 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவாகத் தேடிப் பிடித்துக் கட்டினார்கள். அந்த இடத்தின் அட்சரேகையும் அதே அளவு. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. அந்த ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானில் ரேடியோ அலை வரும் ஒரு மூலத்தைப் பல மணி நேரம் விடாமல் பின்தொடரலாம். பரவளையம், பூமியின் சுழற்சி, வானியல் ஆயங்கள் மூன்றையும் அந்தச் சரிவில் நின்றே சொல்லித்தரலாம். உங்கள் மாணவர்களில் சிலர் அதை வேடிக்கை பார்த்தே வளர்ந்திருப்பார்கள். ஏன் சரிவில் கட்டினார்கள் என்று யாராவது அவர்களுக்குச் சொல்லியிருப்பார்களா?

கல்லூரி முதல்வரிடம் ஒரு நாள் ஓ.டி. (பணி நிமித்தம் வெளியே போக அனுமதி) கேளுங்கள். முன்கூட்டியே அனுமதிக் கடிதம் எழுதி, முதலில் நீங்கள் மட்டும் போங்கள். பேனர், சால்வை, குரூப் போட்டோ எதுவும் வேண்டாம். அங்கே இருப்பவர்களிடம் உங்களுக்குப் புரியாததைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கோ நேரில் போகக்கூட வேண்டாம். 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டது அங்கேதான். நூறாண்டுக்கு மேலான அவர்களுடைய சூரியப் படங்கள் டிஜிட்டலாகி இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றில் புள்ளிகளை எண்ணினாலே ஒரு மாணவர் பிராஜெக்ட் ஆயிற்று. அதிலிருந்து உங்களுக்கு ஒரு கட்டுரைகூட வரலாம். அதற்கும் விதிகளில் இடம் உண்டு.

ரிஃப்ரெஷரை மட்டும் குழந்தை கொஞ்சம் வளர்ந்தபின் நேரில் போய்ச் செய்யுங்கள். வகுப்புக்காகச் சொல்லவில்லை. வேறு கல்லூரி இயற்பியல்காரர்களோடு கேன்டீனில் உட்கார்ந்து, "உங்க லேப்ல இதை எப்படிப் பண்றீங்க?" என்று கேட்கிற வசதி ஆன்லைனில் கிடையாது. அப்புறம், அவர்களை ஊட்டிக்கு அழைத்தால் மே மாதம் வேண்டாம். இ-பாஸ் எடுத்து, மலையடிவாரக் கல்லாறிலிருந்து ஊர்ந்து வந்து சேர்வதற்குள் நீங்கள் கேட்க நினைத்ததே மறந்துபோகும்.